பக்கத்து நாற்காலி

தம்பியின் செருப்பை அண்ணனே குனிந்து கழற்றினார். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வீடு நிறைய ஆட்கள் இருந்தும், அத்தனை பெரிய கோடீஸ்வரர் தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தனாரின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்னடா இது, பெருவிரல் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"சாந்துச் சட்டி விழுந்திருக்கும் போலண்ணே. எப்ப விழுந்துச்சுன்னே தெரியலை. வலிச்சாத்தானே தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் தம்பி. சிரிப்போடு இருமலும் வந்தது.

இருவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதில் தப்பு செய்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் அப்பா இரண்டு பேரையும் சேர்த்தே வெளுப்பார். இப்போது அந்தக் குழப்பம் யாருக்கும் வராது. புதிதாக வந்த வாட்ச்மேன் பெரியவரிடம் போய், "உங்கப்பா வந்திருக்காருங்க" என்றான். சின்னவருக்குச் சுருக்கென்றது. பெரியவரோ வாட்ச்மேனுக்கு அன்றைக்கே சம்பளத்தை உயர்த்திவிட்டார்.

பெரியவருக்கு வயதாவது மட்டும் ஆகாது. உப்பைத் தொட மாட்டார், வெயிலில் தலைகாட்ட மாட்டார். வயதைப் பின்னால் தள்ளும் மருந்து என்று எங்கே எது வந்தாலும் முதல் ஊசி அவர் கையில்தான். அதற்கென்றே மாடியில் ஓர் அறை, சம்பளத்துக்கு ஒரு டாக்டரம்மா, இரண்டு சாய்வு நாற்காலிகள். கதவுப் பக்கம் இருப்பது அண்ணனுக்கு. ஜன்னல் பக்கம் இருப்பது தம்பிக்கு.

அந்த இரண்டாவது நாற்காலியை நினைத்தாலே சின்னவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். "நான் மட்டும் இளமையா இருந்து, நீ கிழவனாகிறதைப் பாக்கவாடா?" என்று ஆள் விட்டுக் கூப்பிட்டவர் அண்ணன். மாதாமாதம் தன்னோடு சேர்த்துத் தம்பிக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார். ஊசியும் அப்படித்தான், ஆளுக்கொரு தட்டில் தயாராக இருக்கும்.

கொத்து வேலையை விட்டுவிடு என்று சொல்லித் தம்பியைத் தாழ்த்தியதும் இல்லை. "சாரத்துல ஏறுறதை விட்டுடாதேடா, உழைச்ச உடம்பு" என்பார். சிகரெட் புகை என்றாலே மூக்கைப் பொத்துகிறவர், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் மட்டும் ஓர் ஆஷ்டிரே வாங்கி வைத்திருந்தார்.

"ஒரே ஊசிதான் ரெண்டு பேருக்கும். அவருக்கு முடி கறுக்குது, உங்களுக்கு விரல் கறுக்குது" என்று சின்னவரின் பெண்டாட்டி காலையில்கூடக் குத்திக் காட்டினாள்.

"வெயில்ல வேகுற உடம்புடி. மெதுவாத்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்திருந்தார். ஜன்னல் வரை நடக்க முடியாமல் கதவுப் பக்கத்து நாற்காலியிலேயே விழுந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றார் பெரியவர்.

"நேத்து போனேன். சர்க்கரையாம், பல வருஷமா இருக்காம். விரலை எடுக்கணும், விட்டா காலே போயிடும்னு பயமுறுத்தறாங்க. எங்கண்ணன் வீட்டுல மாசாமாசம் ரத்தம் பாக்கிறோம், இருந்தா அவர் சொல்லியிருக்க மாட்டாரான்னு சண்டை போட்டுட்டு வந்தேன்."

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

பெரியவர் முகம் வெளுத்தது. "சாப்பிட்டியா?"

"உன்னைக் கேக்காம வாயில போடுவேனாண்ணே?"

"நல்லவேளை" என்று மூச்சுவிட்டார் பெரியவர்.

சின்னவருக்குக் கண் கலங்கியது. கூடப் பிறந்தவன் என்றால் இப்படியல்லவா பதற வேண்டும்! சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"டாக்டரம்மா, இன்னைக்கு மருந்தைக் கொஞ்சம் கூடவே போடுங்க. ஒத்தைக் காலோட எவன் என்னைச் சாரத்துல ஏத்துவான்? பொண்டாட்டி பிள்ளைங்க என் காலை நம்பித்தான் இருக்கு."

டாக்டரம்மா ஜன்னல் பக்கத்துத் தட்டை எடுக்கப் போகவில்லை.

"அந்தப் பக்கம் போய் எடுக்கணுமேன்னு பாக்கிறீங்களா? ரெண்டும் ஒண்ணுதானே, இதையே போடுங்க" என்று சின்னவர் கையை நீட்டி, அண்ணன் தட்டிலிருந்த ஊசியை எடுத்தார்.

பெரியவர் உட்கார்ந்தபடியே எட்டி அதைப் பிடுங்கினார். "அதை வைடா! அது என்னோடது!"

"என்னண்ணே, ஒரு ஊசிக்குப் போய்..."

"சார், இவர் காலே போகப்போகுது. இப்பவாவது சொல்லிடுங்க" என்றார் டாக்டரம்மா.

சின்னவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னண்ணே சொல்லணும்?"

பெரியவர் ஊசியைத் தட்டில் பத்திரமாக வைத்தார். தம்பியின் கால் இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்:

"உனக்குப் போடுறது வெறும் உப்புத் தண்ணிடா. உன்னையும் குணப்படுத்திட்டா, எனக்கு வயசு குறைஞ்சிருக்குன்னு நான் யாரோட ஒப்பிட்டுப் பாக்கிறது?"