அஷ்வத் இல்லாமல் ஓடாது

“சஹானா, பையையும் எடுத்துக்கிட்டு உள்ளே வாம்மா.”

கோதண்டராமன் தன் அறைக் கதவைப் பாதி திறந்து கூப்பிட்டுவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார். அஷ்வத் தன் மேஜையிலிருந்து அந்தக் கதவையே பார்த்தான்.

காலையிலிருந்து இதே கதைதான். முதலாளி ஒரு பெயரைச் சொல்வார். பையோடு உள்ளே போகிறவர் வெளியே வரும்போது கழுத்தில் அடையாள அட்டை இருக்காது. யாரிடமும் பேசாமல் படியிறங்கிப் போய்விடுவார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடிதான் அவர்கள் ஆபீஸ். அமெரிக்கப் பூக்கடைகளுக்கு இன்டர்நெட்டில் ஆர்டர் பிடித்துத் தரும் சாஃப்ட்வேர் செய்கிற சின்னக் கம்பெனி. டாட்காம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. பேப்பரைப் பிரித்தாலே ஆள்குறைப்புச் செய்திதான்.

சஹானா வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. என்ன சொன்னார் என்று அஷ்வத் கிசுகிசுப்பாகக் கேட்டான்.

“கேக்காதே அஷ்வத். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார்,” என்று மூக்கை உறிஞ்சியபடி அவளும் போய்விட்டாள்.

மிச்சம் இரண்டே பேர். அவனும், மர்பி டவுனிலிருந்து வரும் விக்கியும். விக்கி வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. அவனும் முகத்தில் ஈயாடாமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்ல அரசு வேலையை உதறிவிட்டு அஷ்வத் இங்கே வந்தபோது அப்பா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவி அலர்மேல்மங்கைக்கு இப்போது எட்டாவது மாசம். வேலை போய்விட்டது என்று எந்த வாயால் வீட்டில் சொல்வான்? இவ்வளவு பயத்தை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

நல்லவேளையாக அவனிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வரி வேறு. பூங்கொத்துக்கு வரி போடுகிற பகுதி முழுவதையும் எழுதியது அஷ்வத். புரோகிராமில் எழுதுகிற ஒவ்வொரு வரியும் எதற்கு என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைப்பதுதான் தொழில் முறை. பின்னால் வருகிறவனுக்குப் புரிய வேண்டுமே. நம்ம ஆள் வேண்டுமென்றே ஒரு குறிப்பும் எழுதவில்லை. போதாததற்கு, உள்ளே வைத்த பெயர்களெல்லாம் அம்புஜம், நாணு என்று அத்தை, சித்தப்பா பெயர்கள். வேறு யார் திறந்து பார்த்தாலும் தலை சுற்றும். அவன் இல்லாமல் அது ஓடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

கூப்பிடும்வரை காத்திருக்க அவனுக்குத் தெம்பில்லை. தானே எழுந்து போய்க் கதவைத் தட்டினான்.

“உன்னைத்தான் கூப்பிட இருந்தேன். கூத்கோப்பா,” என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார் கோதண்டராமன்.

அஷ்வத் உட்காரவில்லை. “சார், என்னை இங்கேருந்து அனுப்பிட்டா வரிப் பகுதி ஓடாது. அந்தப் புரோகிராம்ல ஒரு வரிகூட வேற யாருக்கும் புரியாது.”

அவர் முகம் மாறியது. குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றான். விக்கிக்குச் சொல்லிக் கொடுத்தால் பார்த்துக்கொள்வானா என்று கேட்டார்.

“ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் அவனுக்கு வராது சார்,” என்று அஷ்வத் கூசாமல் புளுகினான். உண்மையில் விக்கி சூட்டிகையான பையன். “அவனுக்குக் கல்யாணம்கூட ஆகலை. ஒருத்தரை அனுப்பித்தான் ஆகணும்னா அவனை அனுப்பிடுங்க. நான் இங்கேயே இருக்கேன்.”

கோதண்டராமன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

“சரிப்பா. நீயே இரு. எனக்கு வேற வழி தெரியலை.”

போன உயிர் திரும்பி வந்தது அஷ்வத்துக்கு. உயிர் வந்த பிறகுதான் மனசாட்சியும் வந்தது.

“பாவம் சார் விக்கி. அவனுக்கு வேற வேலை கிடைச்சிடுமில்ல?”

“அவனுக்கு எதுக்கு வேற வேலை?” கோதண்டராமன் புரியாமல் பார்த்தார். “அடுகோடி பக்கம் ஒரு பெரிய கம்பெனி நம்மளை வாங்கிட்டாங்க. எல்லாருக்கும் இன்னிக்கே அங்கே வேலை, இதைவிட நல்ல வேலை. சாயங்காலம் வரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு கண்டிஷன். சஹானா சந்தோஷத்துல அழுதே அழுதுட்டா. என்ன ஒண்ணு, பழைய சாஃப்ட்வேரை டிசம்பர்ல மூடற வரைக்கும் ஒருத்தர் மட்டும் இங்கேயே இருந்து ஓட்டணும். மூடினதும் அவருக்கு வேலை கிடையாது. கல்யாணமாகாத பையனாச்சே, சமாளிச்சுப்பான்னு விக்கியை நினைச்சிருந்தேன்.”

அவர் எழுந்து வந்து அஷ்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சமயத்துல வந்து சொன்னே. இல்லேன்னா அவனை இங்கே விட்டுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”