பதினொன்றாவது பாட்டில்

"நீ சாக்கடைப் பக்கமே போகலய்யா. எல்லாத்தையும் குழாய்ல பிடிச்சுக் கொண்டுவந்து நீட்டியிருக்க."

மேலதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே கத்தினார். அவருக்கு வருஷம் பூராவும் ஜலதோஷம்.

பாட்டில்காரர் தோள் பையைக் கீழே இறக்கி வைத்தார்.

நாட்டில் போதைப் பழக்கம் கூடுதா குறையுதா என்று பார்க்கிற ஆபீஸ் அது. ஆளைக் கேட்டால் பொய் சொல்வான், சாக்கடை சொல்லுமா? உள்ளே போனது சிறுநீரோடு அங்கேதானே வந்து சேரும். அதனால் பத்து ஊர்ச் சாக்கடையிலும் தலா ஒரு பாட்டில் பிடித்து வருவது இவர் வேலை.

பதினொன்றாவது பாட்டில், இதே ஆபீஸ் சாக்கடையில் பிடிப்பது. போதையை ஒழிக்கிற இடம், சுத்தமாகத்தானே இருக்கும்? அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டுதான் மற்ற ஊர்களை அளப்பார்கள்.

இந்த வருஷம் பத்து ஊரும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது.

"நாளைக்கு மந்திரி முன்னாடி நான் என்னத்தைப் படிக்கிறது? நம்ம ஜனங்க எடுக்காததைவிடக் கம்மியா எடுக்கறாங்கன்னா?"

"நாடு நல்லா இருந்தா நல்லதுதானேங்க."

"நக்கலா? ஒரு பாட்டில்லயும் ஏமாத்த மாட்டேன்னு போன மாசம்தானே கையெழுத்துப் போட்ட? இன்னியோட உனக்கு வேலை இல்ல, கிளம்பு."

"ஓய்வுக்கு ரெண்டே வருஷம்தாங்க பாக்கி. மகளுக்கு இன்னும் படிப்பு முடியல."

அந்த நேரம் பரிசோதனைக்கூடத்து அம்மா காகிதத்தோடு உள்ளே வந்தார்.

"சார், குழாய்த் தண்ணின்னா அதுல ஒண்ணுமே இருக்காது. பத்து ஊர் பாட்டில்லயும் சரக்கு இருக்கு. எல்லா வருஷமும் இருக்கிற அளவுதான்."

"அப்புறம் ஏன்மா கீழ போச்சு?"

"பதினொண்ணாவதுல அதைவிட ஜாஸ்தி இருக்கு சார்."

மேலதிகாரி கைக்குட்டையை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எட்டு வருஷமா ஒழுங்காத்தானேய்யா இருந்துச்சு?" குரல் பாதியாக இறங்கியிருந்தது.

பாட்டில்காரர் தலையைச் சொறிந்தார்.

"மாடிக் கழிவறையைக் கழுவுறது என் சம்சாரம்தாங்க. அங்க நடக்கறதை அவ சொன்ன நாள்லேர்ந்து, ஆபீஸ் மானம் போயிடக் கூடாதேன்னு அந்த ஒரு பாட்டில மட்டும் குழாய்லதான் பிடிச்சிட்டிருந்தேன். இந்த வருஷம்தான் நீங்க கையெழுத்து வாங்கிட்டீங்களே."