செல்லுபடியாகும் வரை

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல டாக்டர். மெஷினை மட்டும் எடுத்துடாதீங்க."

முதலாளி கும்பிட்ட கையை இறக்கவில்லை. கட்டிலில் கிடந்தவன் அவருக்கு அண்ணனுமில்லை, தம்பியுமில்லை. கார் ஓட்டுகிறவன். ஊரே அவனை 'ஸ்டீரிங்' என்றுதான் கூப்பிடும். லாரி மோதித் தலையில் அடி. மூச்சு மெஷினால் ஓடிக்கொண்டிருந்தது.

"கூடப் பிறந்தவங்களே இப்படிப் பார்க்கிறதில்ல சார்" என்றார் டாக்டர். "ஆனா பொழைக்க வழியில்ல. அவர் மனைவி கையெழுத்துப் போட்டா எடுத்துடுவோம். அவங்க முடிவுதான்."

ஸ்டீரிங்கின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். "விட்டுடலாங்க முதலாளி. உடம்பெல்லாம் குழாய். பார்க்க முடியல."

"அப்படிச் சொல்லாதம்மா. அவன் எழுந்து வருவான். நான் இருக்கேன்ல?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே நடையில் வக்கீல் காத்திருந்தார். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உங்கள மாதிரி வெளிநாட்டுக்காரர் பேர்ல இங்க ஒரு பிடி மண் வாங்க முடியாது, நீண்ட நாள் குத்தகைக்கு எடுங்க, இல்ல உள்ளூர் ஆளைக் கூட்டுச் சேர்த்துக் கம்பெனி ஆரம்பிங்கன்னு. கேட்டீங்களா? டிரைவர் பேர்ல வாங்கிட்டு, அவன்கிட்ட ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிட்டா போதும்னீங்க."

"பதினோரு வருஷம் ஒண்ணும் ஆகலையே."

ஆகவில்லைதான். கடலைப் பார்த்த சரிவு நிலம். அதில், சொந்த நாட்டில் இருந்ததையெல்லாம் விற்று முதலாளி கட்டிய விடுதி. "காகிதத்துல நான்தான் முதலாளி, தெரியுமில்ல?" என்று ஸ்டீரிங் வண்டியைத் துடைத்தபடி சிரிப்பான். அவரும் சிரிப்பார்.

"இப்ப ஆகப் போகுது" என்றார் வக்கீல். "பவர் கொடுத்தவன் மூச்சு இருக்கிற வரைக்கும்தான் அது பத்திரம். நின்னுட்டா வெத்துக் காகிதம். நிலம் நேரா பொண்டாட்டிக்குப் போயிடும்."

"என்ன வழி?"

"பவரை வச்சு வேற உள்ளூர் ஆள் பேருக்கு மாத்திடணும். உங்க புது டிரைவர் பேருக்கே மாத்துங்க. ஆனா சனி, ஞாயிறு பதிவு ஆபீஸ் லீவு. திங்கள் வரைக்கும் தாங்குவானா?"

"தாங்க வைக்கிறேன். அப்புறம் மெஷினை எடுக்கச் சொல்லிடலாம்."

வக்கீல் சட்டென்று கண்ணைக் காட்டினார். பின்னால் ஸ்டீரிங்கின் மனைவி பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அதுக்கு என்ன தெரியும்? அழுறதுக்கே நேரம் பத்தல" என்றார் முதலாளி தணிந்த குரலில்.

அவள் இருவருக்கும் டீ ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஞாயிறு முழுக்க வக்கீல் வீட்டில் பத்திரம் தயாரானது. திங்கள் காலை பதிவு ஆபீஸுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் முதலாளி. அவள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்டீரிங்கின் கடிகாரம்.

"என்னம்மா இது?"

"கை வீங்கிடுச்சுங்க. நர்ஸ் கழட்டிக் கொடுத்தாங்க."

"உயிர்?"

"இருக்குதுங்க முதலாளி."

மெஷினை எடுத்துவிடலாம் என்று அன்று அவள் கேட்கவில்லை. மனசு தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பார்க்க நேரமில்லை.

பதிவு அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "பவர் கொடுத்தவர் உயிரோடதானே இருக்காரு?"

"இப்பத்தான் சார் பார்த்துட்டு வர்றேன்."

"அப்ப இந்த உறுதிமொழியில ஒரு கையெழுத்து. பொய்னு தெரிஞ்சா பதிவு செல்லாது. உள்ள போய் களி திங்கணும். அப்புறம் வந்த நாட்டுக்கே ஏத்தி அனுப்பிடுவாங்க, பார்த்துக்குங்க."

முதலாளி அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். புது டிரைவர், எந்த நிலம் என்றுகூடக் கேட்காமல், காட்டிய இடத்திலெல்லாம் போட்டான்.

திரும்பி வரும்போது அவருக்குத் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போலிருந்தது. அவள் அதே பெஞ்சில் இருந்தாள்.

"நீ சொன்னதுதான்மா சரி. அவன் இனியும் கஷ்டப்பட வேணாம். எடுக்கச் சொல்லிடலாம்."

அவள் எழுந்து வார்டுக் கதவைத் தள்ளினாள். கட்டில் காலியாக இருந்தது. புது விரிப்பு, மடிப்புக் கலையாமல்.

"நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேங்க. சாயங்காலம் அடங்கிட்டாரு. உடம்பை வாங்கிட்டுப் போகத்தான் காத்திருக்கேன்."

முதலாளியின் கை சட்டைப் பையிலிருந்த பதிவு ரசீதைத் தடவியது.

"காலையில உயிர் இருக்குன்னு சொன்னியே!"

அவள் கடிகாரத்தைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீங்க கையெழுத்துப் போட வேணாமா, முதலாளி?"