எந்தப் படிப்பு லாபம்?

“நாலாயிரத்து எண்ணூறு யூரோ, டாக்டர். அரசுக் கல்லூரியில ஆயிரத்து நூறுதான்...”

“மலிவா குடுத்தா மண்ணக்கூட வாங்குவியா? நான் சொல்றத மொதல்ல...”

“ரெண்டுமே பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம்தானே? அதே முத்திரை, அதே...”

“நெவேனா. என்னைப் பேசி முடிக்க விடு.”

மருத்துவமனை இயக்குநர் டாக்டர் கிர்கோவ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நாலு வருஷமாக அவர் காத்திருந்த காட்சி இது. இங்கே தலைமை நர்ஸாக இருந்துகொண்டு விசாரணைக் குழுவில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவள், இன்று கோட்டைக்கூடக் கழற்றாமல், இரண்டு கல்லூரிகளின் விவரத்தாள்களை அவர் மேஜையில் பரப்பி, எதில் சேர்ந்தால் லாபம் என்று அவரிடமே கேட்கிறாள்.

வெறுங்கையோடும் வரவில்லை. ஒரு சாக்லேட் பெட்டியை மேஜையில் வைத்திருந்தாள்.

நோயாளிகள் கொடுத்த பெட்டிகள் அவருடைய அலமாரியில் மேல்தட்டு வரை அடுக்கியிருந்தன, கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல். இவளுடையது திறந்தே வந்திருந்தது. ஏழெட்டுக் குழிகள் காலி. கையில் காசில்லை, வீட்டில் மிச்சம் இருந்ததை எடுத்து வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. காலையில்தான் கணக்காளர் புதுக் கார் வாங்கிய சந்தோஷத்தில் மாடி மாடியாகப் பெட்டி நீட்டிக்கொண்டு, எல்லோரிடமும் வாழ்த்து வாங்கிக்கொண்டு போனார். அவர் கொடுத்த சாக்லேட்டின் காகிதம் இன்னும் மேஜையில் கிடந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு காகிதத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, டாக்டர் இவள் சாக்லேட்டையும் வாயில் போட்டுக்கொண்டார்.

“கதவச் சாத்தலையா?”

“சூடா இருக்கு, டாக்டர். காத்து வரட்டும்.”

வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்த நோயாளிக்கோ துணைக்கு வந்தவர்களாக இருக்கும். அவர் கவலைப்படவில்லை.

“இதப் பாரு. சோபியாவுல இருக்கே இந்தத் தனியார் கல்லூரி, இது நானே வகுப்பு எடுக்கற இடம். கடைசிப் பருவத்துல ஒரு வாரம் பிரஸ்ஸல்ஸ் கூட்டிட்டுப் போவாங்க. போட்டோ எடுத்து வீட்ல மாட்டிக்கலாம்.”

“ஒரு போட்டோவுக்கு மூவாயிரத்து எழுநூறு யூரோ அதிகம், டாக்டர்.”

“அந்த அரசுக் கல்லூரியில மட்டும் என்ன கொட்டி வெச்சிருக்கான்? சனி ஞாயிறு வகுப்பு. குளிர்காலத்துல ஹீட்டர்கூட ஓடாது.”

“ஓடாது. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கணும். ஆனா ஒரு தொற்று எங்கேருந்து கிளம்பிச்சு, யார் மறைச்சாங்கன்னு தேடிப் பிடிக்கற பாடம் அங்க ரெண்டு பருவம். உங்க இடத்துல அது ஒரே ஒரு மத்தியானம்.”

டாக்டரின் வாயில் இனிப்பு கரைவது நின்றது. நாலு வருஷத்துக்கு முன் அறுவை முடிந்து மூன்று பேர் தொற்றில் இறந்தபோது, மாரடைப்பு என்று எழுதச் சொன்னார். இவள் தொற்றுப் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். பட்டம் இல்லாதவள் தலைமை நர்ஸாக இருக்க முடியாது என்று ஒரே வரியில் உத்தரவு போட்டு, இவளைத் துணி வெளுக்கும் பிரிவுக்கு அனுப்பினார். இரண்டே மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். ஆனாலும் வாய் குறையவில்லை.

“அம்பத்து நாலு வயசுல நீ யாரத் தேடிப் பிடிக்கப்போற?” என்று சிரித்தார். “படிப்போட மதிப்பு ஃபீஸ்ல இல்ல, சிஸ்டர். முடிச்சிட்டு வந்தா யார் நாற்காலி போடறாங்கறதுலதான் இருக்கு. இந்த ஊர்ல என்னைக் கேக்காம உனக்கு ஒருத்தனும் போடமாட்டான். ஆயிரத்து நூறும் தண்டம், நாலாயிரத்து எண்ணூறும் தண்டம்.”

நெவேனா விவரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“சரி, கடைசியா ஒண்ணு. ஆய்வுக் கட்டுரை எழுதணும்னா அந்த வருஷத்துத் தொற்றுப் பதிவேடு வேணும். குழாய் உடைஞ்சு ஊறிப்போச்சு, தூக்கிப் போட்டுட்டோம்னு விசாரணைக் குழுகிட்ட சொன்னீங்க. அது நெஜமாவே போயிடுச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த முகம் வாடுவதைப் பார்க்காமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. எழுந்து போய்ப் பின்னாலிருந்த இரும்பு பீரோவை விரலால் தட்டினார்.

“நனையவே இல்ல. இதுக்குள்ளதான் சுகமா தூங்குது. அதுல கையெழுத்துப் போட்ட ரெண்டு சர்ஜனும் இன்னிக்கும் என் பேச்ச மீறமாட்டாங்க, அதுக்காகவே வெச்சிருக்கேன். ஊரே உன்னைப் பொய்க்காரின்னு சொன்னப்பவும் இங்கதான் இருந்துச்சு. நீ பத்துப் பட்டம் வாங்கினாலும் அதக் கண்ணால பாக்கமுடியாது. சாவி என் பையில.”

அந்த முகம் வாடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, விவரத்தாளின் ஓரத்தில் மணியைக் குறித்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். ஒருவர் கையில் கோப்பு. இன்னொருவர் விரலிடுக்கில், டாக்டர் சற்றுமுன் பிரித்துப் போட்ட அதே நிறச் சாக்லேட் காகிதம்.

“யாரு நீங்கல்லாம்?” என்றார் டாக்டர். அவர்கள் நெவேனாவைப் பார்த்தார்கள், உத்தரவுக்காகக் காத்திருப்பவர்கள் மாதிரி.

அவள் பெட்டியை மூடித் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

“இது உங்களுக்குக் கொண்டுவந்த பெட்டி இல்ல, டாக்டர். அந்த ஹீட்டர் ஓடாத கல்லூரியில படிச்சு முடிச்சு, மாவட்டச் சுகாதார ஆய்வாளரா எனக்கு வேலை கிடைச்சதுக்கு. சாவியக் குடுங்க.”