பிளன்கெட் குடும்பத்தின் மௌனம்

சிகாகோவில் ஒரு பாராட்டு விழா. மேடையில் பேராசிரியர் விட்மோர் உருகிக்கொண்டிருந்தார்.

“‘பிளன்கெட் குடும்பம்’ ரேடியோ நாடகத்தோட உயிரே அந்த மௌனம்தான்! ஒவ்வொரு ஜோக்குக்கும் அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்ச நேரம் பேசாம இருப்பாங்க. அதுல எவ்வளவு காதல்! அதைப் பத்தியே நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கேன்.”

நாற்பது வருடங்களுக்கு முன் அந்தப் பெண்டாட்டியாக நடித்த வெர்னா முதல் வரிசையில் இருந்தாள். “காதலாம், மண்ணாங்கட்டி! இந்த ஆளுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க.”

“சும்மா இரு வெர்னா. விருதை வாங்கிட்டுப் போயிடலாம்” என்றார், அதே நாடகத்துக்கு ஆர்கன் வாசித்த எமில்.

விருது கொடுக்க வந்திருந்தவர், அந்த நாடகத்துக்குக் காசு போட்ட ஹாப்வெல் சோப்புக் கம்பெனியின் முதலாளி. பழைய முதலாளியின் பேரன்.

வெர்னா மேடையேறியதும், “அந்த மௌனத்தோட ரகசியத்தை நீங்களே சொல்லுங்கம்மா” என்று பேராசிரியர் மைக்கை நீட்டினார்.

“ரகசியம் என்ன பெரிய ரகசியம்? எங்களுக்கு எதிரே, கண்ணாடி அறையில, இவரோட தாத்தா உக்காந்திருப்பார். அவர் சிரிக்கலைன்னா அடுத்த வாரம் எங்களுக்கு வேலை இருக்காது. ஆனா அவருக்கு ஜோக் புரியவே நேரமாகும். புரிஞ்சு சிரிக்கிற வரைக்கும் நாங்க வாயை மூடிட்டு நிப்போம்.”

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பேராசிரியரின் முகம் வெளிறியது. பேரன் மட்டும் விருதைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

சிரிப்பு அடங்கியது. யாரோ இருமினார்கள். பழக்க தோஷம், வெர்னா வாயைத் திறக்காமல் நின்றாள்.

“ஹா… ஹா… ஹா!” என்றார் பேரன்.

“நன்றி” என்று சொல்லி விருதை வாங்கிக்கொண்டாள் வெர்னா.