சின்னக் கடை

"ரெண்டு கடைக்கும் ஒரே பக்கம். எழுத்து அதே, முதலாளி போட்டோவும் அதே. தேடுனா எதைக் காட்டுறதுன்னு தெரியாம நெட்ல ரெண்டுமே பின்னாடி போயிடுது மேடம்," என்றான் பெரிய கடை அனுப்பிய வெப்சைட்காரன்.

துடைத்துக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடியைச் சின்னக் கடைக்காரி கீழே வைத்தாள். "என்ன செய்யணும் தம்பி?"

"கேனானிக்கல்னு ஒரு வரி. 'இது நகல், அசல் அதுதான்'னு ஒரு பக்கத்துல எழுதிடணும். அப்புறம் தேடுனா அசல் மட்டும்தான் வரும்."

"நகல் அழிஞ்சிடுமா?"

"அழியாது. யார் கண்ணுக்கும் படாது, அவ்வளவுதான்."

"வேற வழி?"

"உங்க பக்கத்துல வேற ஆள் போட்டோ, வேற கதை போட்டா ரெண்டும் வரும்."

திரையில், போன வருஷம் காலமான முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆளுக்கு நான் எங்க போறது? பெரிய கடையையே அசல்னு எழுதிடுங்க," என்று பாஸ்வேர்டையும் சொன்னாள்.

சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்தவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"உங்க வியாபாரம் படுத்துடுமே மேடம்."

"இருக்கிற இடம் தெரியாம இருக்கிறது எனக்குப் புதுசில்ல. எழுதுங்க."

எழுதினான். லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தான்.

"சண்டை எதுவும் நடக்கலன்னு அம்மாகிட்ட சொல்லு."

அவன் நின்றுவிட்டான். தான் யாரென்று அவன் சொல்லவேயில்லை.

"உள்ள வரும்போதே தெரிஞ்சுது. போட்டோல சிரிக்கிற உங்கப்பாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கே."

'வர்றேன் சித்தி' என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

"வர்றேன் மேடம்" என்றுதான் வந்தது.