மொட்டை மாடித் தொட்டிகள்

மகளின் தாவரவியல் ஆராய்ச்சிப் படிப்பில் பாதி இங்கே, பாதி வெளிநாட்டில். "கல்யாணமாகாத பொண்ணு தனியா கடல் தாண்டினா குடும்ப மானம் என்ன ஆகும்?" என்று கத்திய அப்பா, அவள் கிளம்பியதிலிருந்து அவளுடன் பேசுவதே இல்லை.

அங்கே அவள் வளர்க்கும் அதே செடிகள் இங்கே வீட்டு மொட்டை மாடியிலும் வளர்ந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, தினமும் அம்மாவின் போனிலிருந்து செடிகளின் உயர அளவு வந்தாக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஆராய்ச்சி பாழ்.

"அம்மா, நீ அனுப்புற அளவெல்லாம் கச்சிதம்னு இங்க புரொபசரே பாராட்டினார்!"

"நானா? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு மாடி ஏறுவேனாடி?"

"அப்போ யாரு?"

அம்மா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல் அதட்டியது.

"நான் அவகூட பேச மாட்டேன்னு சொல்லு! அப்படியே, மூணாவது தொட்டியில புதுசா இலை விட்டிருக்குன்னும் சொல்லு."